ராயபுரத்தில் ஒரு ஆயா கடை: மீன் குழம்புக்கு 5க்கு 5, பேச்சுக்கு எவ்வளவு?

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கல்மண்டபத்தில் இறங்கி "மீன் சோறு போடற ஆயா கடை எங்க?" என்று யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள். ஆளைப் பார்த்து "தோ, அந்த சந்துல வளை நைனா" என்றும் வரும், "நேரா போய் லெஃப்ட் சார்" என்றும் வரும். "சார்" கிடைத்தவர்கள் கொஞ்சம் மனசைத் தயார்படுத்திக்கொண்டு உள்ளே போவது நல்லது. ஏனென்றால் அந்தக் கடையில் சார் கிடையாது, நீங்க கிடையாது, வாங்க போங்க எதுவும் கிடையாது.

இதுவரை நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். எல்லாரும் திரும்பி வரும்போது சொன்னது ஒன்றேதான்: சாப்பாடு பிரமாதம், ஆனா அந்தம்மா பேசற பேச்சு இருக்கே. அதனால் இதில் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சமும் பேச்சைப் பற்றி நிறையவும் எழுதப்போகிறேன். பொறுமை இல்லாதவர்கள் அடுத்த பத்தியோடு நிறுத்திக்கொண்டு நேரே கடைக்குப் போய்விடலாம், ஒன்றும் குறையாது.

மதியம் 12 மணி சுமாருக்குக் குழம்பு இறங்கும், 3 மணிக்குள் சட்டி காலி. சாப்பாடு 100 ரூபாய், சோறு எத்தனை தடவை கேட்டாலும் உண்டு. ரசமும் மோரும் அதோடு சேர்த்தி. வறுவலுக்குத் தனிக் காசு: சங்கரா 80, நெத்திலி ஒரு தட்டு 60, கடம்பா தொக்கு 100, வஞ்சிரம் அன்றன்றைக்குக் காசிமேட்டில் என்ன விலைக்குப் போகிறதோ அதைப் பொறுத்து. மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். காரப்பொடிக் குழம்பு வைக்கிற நாளில் முள் எடுக்கச் சோம்பேறித்தனப்படுகிறவர்கள் வரவே வேண்டாம், ஆயாவே திட்டும். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாத தடைக்காலம். அப்போது சின்னப் படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான் மீன், வஞ்சிரத்தை மறந்துவிட வேண்டும், விலையும் ஏறியிருக்கும். "இன்னா ஆயா, போன மாசம் 80 ரூபா சங்கரா இப்போ 120ஆ?" என்று கேட்டால் "கடலாண்ட போய் கேளு" என்று பதில் வரும். அவ்வளவுதான் சாப்பாட்டுக் கதை.

இனி பேச்சு. முதலில் கூட்டிப்போனது என் ஆபீஸ் நண்பனை. கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம், வீட்டு நாயைக்கூட "வாங்க" என்று கூப்பிடுவான் என்று நாங்கள் கிண்டல் செய்கிற ரகம். உள்ளே நுழைந்ததும் ஆயா, "வா நைனா, குந்து. இன்னா துன்ற?" என்றது. திருக்குறளில் 'இன்னா செய்யாமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே இன்னா என்றால் துன்பம், இங்கே இன்னா என்றால் என்ன, அவ்வளவுதான் வித்தியாசம். நண்பன் முகம் போன போக்கைப் பார்த்தால் வள்ளுவர் சொன்ன பொருளில்தான் எடுத்துக்கொண்டான் என்று தெரிந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? சோற்றைப் பாதி முடித்துவிட்டு, "ஏனுங்க, கொஞ்சம் ரசம் கிடைக்குங்களா?" என்றான். ஆயா கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தது. "ரசத்துக்கு இவ்ளோ பெரிய மனுவா? ஊத்துன்னா ஊத்தப்போறேன்." கடை முழுக்கச் சிரிப்பு. அவனும் சிரித்தான், ஆனால் காது சிவந்திருந்தது. கை கழுவிவிட்டுக் காசு கொடுக்கும்போது "ரொம்ப நன்றிங்க" என்றான் பாருங்கள், அதற்குத்தான் ஆயா நிஜமாகவே முகம் சுளித்தது. "நன்றியா? நான் இன்னா தானமா போட்டேன்? துட்டு குட்த்துதான துன்ன?"

வெளியே வந்ததும் ஆரம்பித்துவிட்டான். "ஏப்பா, எனக்கு 43 வயசு. எங்க அம்மாகூட ஆள் இருக்கும்போது என்னை நீ வா போன்னு சொல்ல மாட்டாங்க."

நான் கேட்டேன், உங்க வீட்டில் அம்மாவை நீ எப்படிக் கூப்பிடுவாய்? "நீங்க"தானாம். சரி, அங்கே அப்படி. எங்கள் வீட்டில் அம்மா என்றைக்கும் "நீ", அப்பா என்றைக்கும் "நீங்க". அப்பாவின் மேல் மரியாதை அதிகம், அம்மாவின் மேல் குறைவு என்று எங்கள் வீட்டில் யாராவது சொன்னால் அடி விழும். முருகனைக் கும்பிடும்போது "முருகா, நீங்கதான் காப்பாத்தணும்" என்று யாரும் கேட்பதில்லை, "நீதான்பா பாத்துக்கணும்" என்கிறோம். இத்தனைக்கும் ஒருவரைப் பன்மையில் சொல்வது உயர்த்திச் சொல்வதற்காகப் பேச்சுவழக்கில் வந்தது, இலக்கண முறைப்படி சரியில்லை என்று தொல்காப்பியமே எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி ஆயா சுத்தத் தமிழ், நாம்தான் வழுக்கித் திரிகிறோம். (நண்பனிடம் இதைச் சொன்னபோது, "தொல்காப்பியர் ரசம் கேட்டாருன்னா தெரியும்" என்றான்.)

இன்னொன்றும் அவன் கவனிக்கவில்லை. "வா"வை மட்டும் பிடித்துக்கொண்டான், பக்கத்திலேயே இருந்த "நைனா"வை விட்டுவிட்டான். நைனா என்றால் தெலுங்கில் அப்பா. அறுபது எழுபது வயசு மனுஷி தன் மகன் வயசுக்காரனை அப்பா என்று கூப்பிட்டுவிட்டுத்தான் குந்தச் சொல்கிறது. ஐந்து வயசுக் குழந்தை வந்தால் "வாம்மா", காலேஜ் பெண் வந்தால் "இன்னா கண்ணு". வினை கிட்டே இழுக்கிறது, பெயர் தூக்கி வைக்கிறது, இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் கணக்குச் சரியாக வரும். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற ராபின்சன் பூங்காவில்தான் 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. மேடையில் 'அவர்களே, அவர்களே' என்று மூச்சுவாங்க அடுக்குகிற பழக்கத்தைத் தமிழ்நாடு முழுக்கப் பரப்பிய அதே கட்சியில், அண்ணா தன் ஆட்களுக்குக் கடிதம் எழுதினால் "தம்பி" என்றுதான் ஆரம்பிப்பார். மரியாதைக்கு அவர்களே, மனசுக்குத் தம்பி.

இரண்டாவது முறை போனபோது நண்பன் தன் மகளையும் கூட்டிவந்தான். மொழியியல் படிக்கிறாள். அவள் அப்பாவுக்கு ஒரு வேடிக்கையான சேதி வைத்திருந்தாள். மரியாதைப் பேச்சு பற்றி உலகம் முழுக்கப் பாடம் நடத்துகிறவர்கள் முதலில் சொல்கிற இரண்டு பெயர் பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன். 1978இல் அவர்கள் எழுதியதில் முக்கியமாக எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவின் செல்ட்டால், அப்புறம் தமிழ். அந்தத் தமிழும் எங்கிருந்து என்றால் கோயமுத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து! நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான், ஏதோ அவன் தாத்தாவையே பேட்டி எடுத்த மாதிரி. அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ஒருத்தரை மதிக்க இரண்டு வழி இருக்கிறதாம். உன்னைத் தொந்தரவு செய்கிறேன், எனக்கு அந்த உரிமை இல்லை என்று ஓரடி தள்ளி நின்று பேசுவது ஒன்று. 'கிடைக்குங்களா' அந்த வகை. நீ நம்ம ஆள், உனக்குத் தேவையானது எனக்குத் தெரியும் என்று ஓரடி கிட்டே வந்து பேசுவது இன்னொன்று. 'குந்து நைனா' அந்த வகை. தள்ளி நிற்பதையே பார்த்து வளர்ந்தவனுக்குக் கிட்டே வருவது மேலே விழுகிற மாதிரி தெரியும். கிட்டே வருவதையே பார்த்த ஆயாவுக்கு அவனுடைய நன்றி, கணக்கைத் தீர்த்துக்கொண்டு போகிற மாதிரி கேட்டிருக்கும்.

அவள் அதோடு விட்டிருந்தால் அப்பா சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பான். விடவில்லை. அந்த லெவின்சன் 1977இல் டாக்டர் பட்டத்துக்கு எழுதியதே ஒரு தமிழ்க் கிராமத்தில் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதுதான், எந்தச் சாதிக்கு எந்த மரியாதை விகுதி என்பதெல்லாம் அதில் வரும் என்றாள். "அப்பா, நம்ம தோட்டத்துக்கு வருவாரே ஒரு தாத்தா, அவரை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டாள். நண்பன் மீன் முள்ளை ரொம்ப நேரம் நோண்டிக்கொண்டிருந்தான். எட்டு வயசுப் பையனாக இருந்தபோது அறுபது வயசு மனிதரைப் பெயர் சொல்லி "வா, போ" என்றுதான் கூப்பிட்டானாம். அவர் இவனைச் "சின்னவருங்க" என்பாராம். "அப்போ அது தப்புன்னே தோணலை" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஊர் 'ங்க' அழகானதுதான், எனக்கும் பிடிக்கும், ஆனால் அதை யாருக்கு ஊற்றினார்கள் யாருக்கு ஊற்றவில்லை என்று அவன் மகளே கேட்டுவிட்டாள். ஆயா கடையில் எல்லாருக்கும் ஒரே கரண்டி. மூட்டை தூக்குகிறவருக்கும் நீ, வக்கீலுக்கும் நீ. அவர்களும் ஆயாவை "நீ"தான்: "ஆயா, இன்னிக்கு உப்பு கம்மி, நீ துன்னு பாத்தியா?"

நீங்க வாங்க சொல்லிக்கொண்டே அவமானப்படுத்துவது எப்படி என்று தெரிய வேண்டுமானால் வேறு இடத்துக்குப் போக வேண்டும். பெயர் வேண்டாம், நகரத்தின் தெற்குப் பக்கம் ஒரு பெரிய ஓட்டல். மழை நாளில் ரப்பர் செருப்போடு போய்விட்டேன். வாசலில் இருந்தவர் என் காலைப் பார்த்துவிட்டு, ரொம்பக் குனிவாக, "சார், ஏ.சி. ஹால்ல ரேட் வேற சார்" என்றார். இரண்டு சார். ஒரு "இன்னா" கூட அந்த இரண்டு சார் அளவுக்கு என்னைச் சுட்டதில்லை. அதே மாதிரிதான் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதை. ரிப்பேருக்கு ஆள் அனுப்பச் சொல்லி 9 நாள் தினமும் கம்பெனிக்குப் போன், தினமும் "தங்கள் பொறுமைக்கு மிக்க நன்றி சார், தங்கள் சிரமத்துக்கு மன்னிக்கவும் சார்". அந்த மன்னிக்கவும் என்ற சொல்லை உற்றுப் பாருங்கள்: யார் மன்னிக்க வேண்டும், யாரை மன்னிக்க வேண்டும், ஒன்றும் அதில் கிடையாது. "வரிசையில் நிற்கவும்", "காத்திருக்கவும்" எல்லாம் அதே சாதி. ஆளே இல்லாத மரியாதை. ஆயா சட்டி காலியானால் "இல்ல கண்ணு, தீந்துபோச்சி, நாளிக்கு சீக்கிரம் வா, எடுத்து வெக்கிறேன்" என்று சொல்லும். மறுநாள் போனால் எடுத்து வைத்திருக்கும். மன்னிக்கவும் கிடையாது, நெத்திலி உண்டு.

நான் "சொல்லும்", "வைத்திருக்கும்" என்று எழுதிக்கொண்டே போவதைச் சிலர் குறையாகப் பார்க்கலாம், ஒரு பெரிய மனுஷியை அது இது என்கிறானே என்று. எங்கள் பக்கம் "அக்கா சொல்லிச்சு", "ஆயா வந்துச்சு" என்பதுதான் பாசத்துக்குரிய பேச்சு. "வந்தா" என்றால் கீழே இறக்கிவிடுகிறது, "வந்தாங்க" என்றால் வீட்டு ஆளை விருந்தாளி ஆக்கிவிடுகிறது, நடுவில் உட்கார இந்த அஃறிணைதான் இடம் கொடுக்கிறது.

திட்டும் உண்டு, மறைக்கவில்லை. மீன் கொண்டுவருகிறவர் ஐஸை அள்ளி எடையில் சேர்த்துவிட்டால் பேமானி, கஸ்மாலம் எல்லாம் பறக்கும். ஒன்று உருதுவிலிருந்து வந்த நேர்மை கெட்டவன், இன்னொன்று சமஸ்கிருதத்திலிருந்து வந்த அழுக்கு. துறைமுகத்து ஊரில் திட்டும்கூட இறக்குமதிதான். கிராக்கி என்றால் வாடிக்கையாளர். பேரம் பேசுகிற ஒரு பெரியவரைச் "சாவுகிராக்கி" என்று கடை வாசலிலேயே வாழ்த்தியதை என் காதால் கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து சாப்பிட்டார். ரொம்ப வருஷத்துக் கிராக்கி. இதை நீங்கள் புதிதாகப் போய் ஆயாவிடம் திருப்பிச் சொல்லிப் பார்க்காதீர்கள், அதற்கெல்லாம் வருஷக்கணக்கில் மீன் சாப்பிட்டிருக்க வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். கடையில் இலை போடுகிற பையன் ஒடிசாக்காரன், இருபது வயசு இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் மனைவியோடு வந்தார். ஆயா அவரிடம் "உள்ள போ நைனா, ஃபேன் கீழ குந்து, தங்கச்சிக்கு எடம் குடு" என்றது. அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார், இதுதான் முக்கியம், சிரித்துக்கொண்டே. இரண்டு நிமிஷம் கழித்துப் பையன் இலையோடு வந்து, "இன்னா வோணும்? வஞ்சிரம் கீது, சங்கரா கீது. சீக்கிரம் சொல்லு" என்றான். மனிதர் எழுந்துவிட்டார். "யார்ரா நீ? யாரைப் பாத்து சொல்லுங்கிற? மரியாதையாப் பேசக் கத்துக்கடா."

மரியாதை கேட்ட வாக்கியத்தில் எத்தனை 'டா' என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

பையனுக்கு என்ன தப்பு செய்தோம் என்றே புரியவில்லை, இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஆயா கரண்டியோடு வந்தது. குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நைனா, அவன் வந்தப்போ தண்ணின்ற வார்த்தகூட தெரியாது. மொத்தத்தையும் எங்கிட்டதான் கத்துகினான். அவன் பேசுனது என் பேச்சு. திட்டணும்னா என்னைத் திட்டு." அவர் ஒரு நிமிஷம் நின்றார். "உங்களச் சொல்லலைம்மா" என்றார், உட்கார்ந்தார். ஆயா அவரை மன்னிப்புக் கேள் என்று சொல்லவில்லை, தானும் கேட்கவில்லை. சங்கராவில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தது.

அதே வார்த்தை, அதே வாயிலிருந்து கற்ற வார்த்தை. ஆயா சொன்னால் பாசம், சென்னை அழகு. பையன் சொன்னால் திமிர். அவர் கேட்டது வார்த்தையை இல்லை, சொன்னவன் யார் என்பதை. எனக்கே அன்று உறைத்தது, ஏனென்றால் நானும் முதல் முறை அவன் "குந்து" என்றபோது ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன், ஆயா சொன்னபோது பார்க்கவில்லை.

நண்பனின் மகள் அப்புறம் அந்த ஒடிசாப் பையனிடம் பேச்சுக் கொடுத்தாள். உன் மொழியில் எப்படி என்று. து, துமே, ஆபண என்று விரல் விட்டு மூன்று சொன்னான். சின்னவனுக்கு ஒன்று, சமமானவனுக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று. நம்மைவிட ஒரு படி அதிகமாகத்தான் வைத்திருக்கிறார்கள். "அப்போ இங்க மட்டும் ஏன் எல்லாருக்கும் நீ?" என்று கேட்டாள். "தமிழ்ல ஒண்ணுதான் கீதுன்னு நெனச்சேன்கா" என்றான்.

இந்தக் கடையில் எனக்குப் பிடிக்காததும் இங்கேதான் இருக்கிறது. கல்லாவில் உட்காருகிற ஆயாவின் மகன் அந்தப் பையனை "டேய்" என்றுதான் கூப்பிடுகிறார். பெயர் தெரியும், கூப்பிடுவதில்லை. பையன் திருப்பி "அண்ணே" என்கிறான். கடையில் மற்ற எல்லாப் பேச்சும் இரண்டு பக்கமும் ஓடுகிறது, இது மட்டும் ஒரு பக்கம் ஓடுகிறது. வயசு வித்தியாசம் என்று சமாதானம் சொன்னார். அதே வயசு காலேஜ் பையன் சாப்பிட வந்தால் "தம்பி" என்கிறாரே. குழம்புக்கு ஐந்துக்கு ஐந்து, ஆயாவின் பேச்சுக்கு ஐந்து, கல்லாவுக்கு இரண்டு. கை கழுவுகிற இடம் எப்போதும் ஈரம், வழுக்கும், அதற்குத் தனியாக ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்த இடம் இல்லை. ஜிபே உண்டு, ஆனால் ஆயா ஃபோன் சத்தம் போட்டால்தான் நம்பும்.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு பையனுக்கு யாரோ "நீங்க" சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ஆனால் எல்லாருக்கும் இல்லை. அவனே ஒரு கணக்குக் கண்டுபிடித்திருக்கிறான். இஸ்திரிச் சட்டை, கழுத்தில் ஆபீஸ் அட்டை, இது இரண்டில் ஒன்று இருந்தால் "வாங்க சார்". மற்றவர்களுக்குப் பழையபடி "குந்து". போன வாரம் அவசரத்தில் கழுத்து அட்டையைக் கழற்றாமல் போய்விட்டேன். "வாங்க சார், உக்காருங்க, என்ன வேணும்?" என்றான். முதுகை நேராக்கிக்கொண்டு, தள்ளி நின்று. குழம்பு அதே குழம்புதான், ஆனால் அன்று இரண்டாவது சோறு வைக்கட்டுமா என்று என்னைக் கேட்டான். வழக்கமாகக் கேட்காமலே கொட்டுவான். நாளைக்குப் போகும்போது அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் சந்து திரும்பப்போகிறேன்.